கண்மாயில் எருமைப்புல்: பிடுங்கிக் கரையிலேயே போட்டுவிட்டு வராதே, தங்கச்சி!

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் கண்மாய்தான் நமக்குச் சொத்து. ஐப்பசி, கார்த்திகையில் விழுகிற மழையில் கரிசல் காடு குடித்தது போக மிச்சம்தான் கண்மாய்க்கு வந்து சேருகிறது. அந்த மிச்சத்தையும் மடைக்குப் போகவிடாமல் ஒரு புல் படுத்து மறிக்கிறது. "பச்சையாத்தானே இருக்கு, மாட்டுக்கு ஆகும்" என்று நீயும் பார்த்துக்கொண்டே போகிறாய். இந்த வருடம் அப்படிப் போகாதே.

காலையில் பட்டாசு ஆலை வேன் வருமுன் சோறு பொங்கி, பிள்ளைகளைக் கிளப்பி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு ஓடுகிறவள் நீ என்று எனக்குத் தெரியும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு எதற்கும் நேரமில்லை என்றால் இந்த மூன்றை மட்டும் செய்.

• வெட்டின புல்லில் ஒரு கணுகூடத் தண்ணீரிலோ ஈரத்திலோ விழக்கூடாது.

• பெரிய வேலையைச் சித்திரை, வைகாசி வெயிலுக்கு வைத்துக்கொள். மழைக்காலத்தில் கலக்காதே.

• உன் வீட்டுச் சாக்கடைத் தண்ணீர் கண்மாய்க்கோ ஊருணிக்கோ போனால் அதைத் திருப்பு. புல்லுக்குச் சோறு போடுவது அந்தத் தண்ணீர்தான்.

நேரம் இருக்கிறவர்கள் மேலே படியுங்கள்.

முதலில் ஆளை அடையாளம் பார்

எருமைப்புல், தண்ணிப்புல், நீர்ப்புல், பாரா புல் எல்லாம் ஒன்றுதான். ஆப்பிரிக்காவில் பிறந்தது. மாட்டுத் தீவனத்துக்கு நல்லது என்று வெப்ப நாடுகள் பலவற்றுக்கும் கொண்டுபோய் நட்டார்கள். நம் ஊரிலும் தீவனப் பயிராகவே வந்தது, இன்றும் தண்ணீர் தேங்குகிற நிலத்தில் நடச் சொல்கிறார்கள். நட்டு இரண்டரை மாதத்தில் முதல் அறுப்பு, அப்புறம் 40, 45 நாளைக்கு ஒரு அறுப்பு. இந்த வேகத்தை நினைவில் வைத்துக்கொள். உன் வரப்புக்குள் அது வருமானம். கண்மாய்க்குள் அறுக்க ஆளில்லாமல் அதே வேகத்தில் வளர்ந்தால் என்ன ஆகும் என்று நீயே கணக்குப் போடு.

புல் என்று பார்த்ததையெல்லாம் பிடுங்கக் கிளம்பாதே. பாதிப்பேர் செய்கிற தப்பு அதுதான். ஒரு தண்டை ஒடித்துக் கையில் எடு, இந்த வரிசையில் பார்:

1. கணு. இதுதான் முதல் சோதனை, முக்கியமான சோதனையும் இதுதான். எருமைப்புல்லின் கணுவைச் சுற்றி வெள்ளை ரோமம் அடர்ந்து நிற்கும். கண் மங்கலாக இருந்தால் விரலால் தடவு, தெரிந்துவிடும். தண்டைச் சுற்றியிருக்கிற இலையுறையிலும் ரோமம் இருக்கும்.

2. படர்கிற விதம். கரையோரம் வேர் பிடித்து, தண்ணீர் மேலே தண்டை நீட்டிக்கொண்டே போகும். பல அடி நீளத்துக்குப் படுத்தபடி ஓடி, நுனியை மட்டும் மேலே நிமிர்த்தும். படுத்திருக்கிற தண்டின் ஒவ்வொரு கணுவிலும் வேர் தொங்கும்.

3. தண்டை நறுக்கு. உள்ளே கூடாக இருக்கும். அதனால்தான் மிதக்கிறது.

4. இலை. ஒரு விரல் அகலம், அரைச் சாணிலிருந்து ஒரு அடிக்குள் நீளம், நுனி கூர்மை. இலையைத் தண்டிலிருந்து பின்னால் வளைத்துப் பார். இலையும் உறையும் சேருகிற இடத்தில் குட்டையான ரோம வரிசை இருக்கும்.

5. கதிர். நடுக்காம்பிலிருந்து பக்கவாட்டில் பத்து, இருபது கிளை பிரியும். கதிரைப் பார்த்து "விதை கொட்டிவிடுமே" என்று பயப்படாதே. இதன் விதை பெரும்பாலும் பதர். இது பரவுவது தண்டுத் துண்டால். ஒரு துண்டில் ஒரு கணு இருந்தால் போதும், ஈரம் கிடைத்த இடத்தில் வேர் விடும்.

இப்போது, எதையெல்லாம் எருமைப்புல் என்று நினைத்து ஏமாறுவாய் என்று சொல்கிறேன்.

கோரையின் தண்டை இரண்டு விரலுக்கு நடுவே உருட்டிப் பார்த்தால் மூன்று பட்டை தட்டும். எருமைப்புல் உருண்டையாக ஓடும். கண்மாய் உள்வாயில் கோரை கொஞ்சம் நின்றால் நிற்கட்டும், மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

காட்டுக் குதிரைவாலிக் களையில் இலை சேருகிற இடம் மொழுமொழுவென்று இருக்கும், ரோமமும் இருக்காது, சவ்வும் இருக்காது. நெல்லில் சவ்வு இருக்கும். நாற்றங்காலில் களை பறித்த கைக்கு இது புதிதில்லை.

கதிர் உச்சியில் இரண்டே கிளையாகப் பிரிந்து கவட்டை போல நின்றால் அது இரட்டைக் கதிர்ப் புல். அதுவும் தண்ணீரில் படரும், அதுவும் வெளியூர்ச் சரக்குதான், அதற்கும் கீழே சொல்லுகிற வைத்தியமே.

தோண்டும்போது வெள்ளையாக, கணுக்கணுவாக, கூர் நுனியோடு மண்ணுக்குள் ஓடுகிற கிழங்குவேர் வந்தால் அது இஞ்சிப்புல். அதை மேலே மட்டும் அறுத்துப் பயனில்லை, வேரோடு தோண்டத்தான் வேண்டும்.

நாணலும் சம்பும் ஆளுயரம் நிமிர்ந்து நிற்கிறவை, அவற்றைக் குழப்பிக்கொள்ள வழியில்லை. சம்பு இந்த மண்ணுக்குரியதுதான், ஆனால் சாக்கடை கலந்த கண்மாயில் அதுவும் அடைத்துக்கொள்கிறது. அதற்குத் தனி வைத்தியம் பின்னால் சொல்கிறேன்.

ஏன் இவ்வளவு பதறுகிறேன்?

கண்மாய் முழுக்கப் பச்சையாக இருந்தால் தண்ணீர் நிறைந்திருக்கிறது என்று ரோட்டில் பஸ்ஸில் போகிறவன் நினைப்பான். நீ நினைக்கக் கூடாது. புல் படர்ந்த இடத்தில் ஓடிவருகிற தண்ணீர் வேகம் குறையும், கொண்டுவந்த வண்டலை அங்கேயே இறக்கும். வருடா வருடம் தரை உயரும், கொள்ளளவு குறையும். மடை வாயை அடைத்தால் கடைமடை வயலுக்குத் தண்ணீர் ஏறாது. இதைக்கூடப் பொறுக்கலாம். கலுங்கை அடைத்தால் பொறுக்க முடியாது. அடைமழையில் மறுகால் பாய வழியில்லாமல் தண்ணீர் கரைமேல் ஏறினால் கரை உடைந்து ஊருக்குள் வரும். அதனால் எங்கே தொடங்குவது என்று என்னைக் கேட்டால், முதலில் கலுங்கு, அடுத்து மடை, அப்புறம் வரத்துக்கால், கடைசியில்தான் கண்மாயின் நடுப்பகுதி. முழுக் கண்மாயையும் ஒரே வருடத்தில் சுத்தம் பண்ணுகிறேன் என்று ஆரம்பித்து, எல்லா இடத்திலும் அரைகுறையாக விட்டுவிடாதே.

செய்யவே கூடாதவை

• ஜேசிபியை இறக்கிக் கலக்காதே. தண்ணீர் நிற்கும்போது இயந்திரத்தை விட்டால் அது புல்லைப் பிடுங்குவதைவிட நறுக்குவதுதான் அதிகம். நறுக்கின ஒவ்வொரு துண்டும் ஒரு நாற்று. ஒரு மூலையில் இருந்தது நான்கு மூலைக்கும் போய்ச் சேரும். கண்மாய் காய்ந்த பிறகு, வேரோடு வழித்து, டிராக்டரில் வெளியே ஏற்றுவதற்கு மட்டும் இயந்திரத்தைக் கூப்பிடு.

• பிடுங்கினதைக் கரையின் உள்சரிவில் குவிக்காதே. "நாளைக்கு அள்ளிக்கலாம்" என்பாய். நாளைக்கு ஆலையில் கூடுதல் வேலை வரும், மறுநாள் வீட்டில் விருந்தாள் வருவார்கள், அந்த வாரம் மழை வரும். குவியலின் அடி ஈரத்திலேயே வேர் பிடித்துவிடும். அறுத்த அன்றே கரைக்கு வெளிப்பக்கம் போகவேண்டும்.

• களைக்கொல்லி அடிக்காதே. உரக்கடையில் கேட்டால் ஏதாவது ஒரு பாட்டிலை எடுத்து நீட்டுவார்கள். 2,4-டி அகன்ற இலைக் களைக்குத்தான், புல்லை ஒன்றும் செய்யாது, காசு தண்டம். கிளைபோசேட்டை 2022 அக்டோபரிலிருந்து பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் பெற்றவர்கள்தான் அடிக்கலாம் என்று மத்திய அரசு கட்டுப்படுத்திவிட்டது, நாம் தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்க முடியாது. பாராகுவாட் பேச்சே வேண்டாம். உள்ளே போனால் அதற்கு முறிமருந்து கிடையாது. பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அந்தப் பாட்டில் இருக்கவே கூடாது. இதையெல்லாம் தாண்டி அடித்தே விட்டாலும், மொத்தப் புல்லும் ஒரே நேரத்தில் தண்ணீருக்குள் அழுகும். அழுகும்போது தண்ணீரில் இருக்கிற பிராணவாயுவைத் தின்றுவிடும், மீன் செத்து மிதக்கும். மீன்பாசி குத்தகை எடுத்தவருக்கு யார் பதில் சொல்வது? ஆடு மாடு குடிக்கிற தண்ணீர் வேறு.

• உப்பு, மண்ணெண்ணெய், பிளீச்சிங் பவுடர் கதையும் வேண்டாம். கரிசல் மண்ணில் உப்பைக் கொட்டிவிட்டு அப்புறம் பருத்தி வரவில்லை என்று அழாதே.

• தீ வைக்காதே. இதை அதட்டியே சொல்கிறேன். வேறு ஊரில் காய்ந்த புல்லைக் கொளுத்துவது புகையோடு போகும். நம் ஊரில் கண்மாய் தாண்டினால் ஒரு தீப்பெட்டி ஆலை, ஓடை தாண்டினால் ஒரு பட்டாசு ஆலை, காட்டுக்குள் மருந்து வைத்திருக்கிற அறைகள். சித்திரைக் காற்றில் ஒரு பொறி எவ்வளவு தூரம் போகும் என்று உனக்குத் தெரியும். 2021 பிப்ரவரியில் பக்கத்து அச்சங்குளத்தில் நடந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தை யாரும் மறக்கவில்லை. அதற்குக் காரணம் புல்லுத் தீ இல்லைதான். ஆனாலும் அந்த வேதனையைப் பார்த்த ஊரில் கண்மாய்க்குள் தீக்குச்சி உரசுகிற கையைத் தட்டிவிட வேண்டும். தவிரவும், மேலே எரிந்தாலும் அடியில் ஈரத்தில் இருக்கிற தண்டு சாகாது, மழைக்குத் துளிர்த்துவிடும். பலனும் இல்லை.

எந்த மாதம் என்ன வேலை

தீபாவளி முடிந்து ஆலை மறுபடி திறக்கிற வரைக்கும் கையில் நாலு நாள் இருக்கும். அப்போது கண்மாய்க்குள் இறங்காதே. வரத்துக்காலையும் கலுங்கையும் மட்டும் நடந்து பார்த்துவிட்டு வா. மிதந்து வந்து கலுங்குக் கல்லில் தட்டி நிற்கிற புல்லை வாரியால் இழுத்துச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்துவிடு. அரைமணி நேர வேலை.

தை, மாசியில் தண்ணீர் இறங்க ஆரம்பிக்கும். இது சம்புக்கு ஏற்ற காலம். சம்பின் வேருக்கு மூச்சு, தண்ணீருக்கு மேலே நிற்கிற இலை வழியாகத்தான் போகிறது. தண்ணீர் மட்டத்துக்குக் கீழே ஒரு சாண் விட்டு அறுத்துவிட்டால், அறுத்த தண்டுக்குள் தண்ணீர் இறங்கி வேர் அழுகும். அறுத்த இடம் சில வாரமாவது தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும், துளிர் தலை காட்டினால் மறுபடி அறுக்க வேண்டும். பழுப்புக் கதிர் பஞ்சாக வெடிக்குமுன் அறுத்துவிடு. மேலே அறுத்தால் நீ செய்தது முடிவெட்டுதான். இன்னொன்று, முக்குளிப்பானும் நாமக்கோழியும் சம்புக்குள்தான் கூடு வைக்கும். ஒரு மூலைச் சம்பை அப்படியே விட்டுவை, கூடு கண்டால் அந்தப் பக்கம் போகாதே.

பங்குனியில் எருமைப்புல்லை மாட்டுக்கு அறுக்கத் தொடங்கு. தண்ணீர் சுருங்கச் சுருங்க, புல் கரையிலும் பள்ளத்திலும் தனித்தனித் திட்டாகத் தெரியும். திட்டின் ஓரத்திலிருந்து உள்ளே போ. நடுவில் ஏறி மிதிக்காதே. மேலே பார்த்தால் தரை, காலை வைத்தால் இடுப்பளவு சேறு. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகவே கூடாது.

சித்திரை, வைகாசிதான் உண்மையான வேலைக்காலம். கண்மாய் வற்றி, கரிசல் பாளம் பாளமாக வெடித்திருக்கும். அப்போது மண்வெட்டியால் அடித்தண்டையும் வேரையும் சேர்த்துத் திருப்பிப் போடு. வேர் மேலே, இலை கீழே. அக்கினி நட்சத்திர வெயில் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். ஒரு வாரம் கழித்துத் திரும்பவும் புரட்டு. தண்டு ஒடித்தால் சுள்ளென்று முறிய வேண்டும். வளைந்தால் உயிர் இருக்கிறது. நம் பகுதியில் கோடையில் கண்மாய் காய்வதைக் குறையாகவே பேசுகிறோம். இந்தப் புல்லைப் பொறுத்தவரை அது நமக்குக் கிடைத்த வரம். வருடம் முழுக்கத் தண்ணீர் நிற்கிற ஊர்க்காரர்கள் இதற்கு ஏங்குவார்கள்.

சித்திரையிலும் ஒரு இடம் காயாமல் பச்சையாக நின்றால் உடனே அதன் மேல்பக்கம் போய்ப் பார். எங்கிருந்தோ சாக்கடை கசிகிறது. அதை நிறுத்தாமல் புல்லை வெட்டுவது வீண் கூலி. தெருவுக்கு உறிஞ்சுகுழி கேட்டு ஊராட்சியில் மனு கொடு. வீட்டில் பாத்திரம் கழுவுகிற தண்ணீரை நாலு வாழைக்கு விடு.

மாட்டைப் பயன்படுத்து, ஆனால் கவனம்

இந்தப் புல்லுக்கு நான் பார்த்த நல்ல மருந்து எருமையின் வாய். இதை நான் மட்டும் சொல்லவில்லை. ராஜஸ்தானில் பரத்பூர் பறவைகள் சரணாலயம் இருக்கிறதே, கேவலாதேவ் தேசியப் பூங்கா, அங்கே 1982-ல் எருமை மேய்க்கத் தடை போட்டார்கள். எதிர்த்த ஊர்மக்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. அவ்வளவு பாடுபட்டு மாட்டை வெளியேற்றினால், அடுத்த சில வருடத்தில் நான் மேலே சொன்ன இரட்டைக் கதிர்ப் புல் தண்ணீரை மூடிக்கொண்டது. பறவைக்கும் மீனுக்கும் திறந்த தண்ணீர் குறைந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல வருடம் அங்கேயே தங்கி ஆய்வு செய்து, மேய்ச்சல்தான் புல்லைக் கட்டுக்குள் வைத்திருந்தது என்று எழுதியது.

ஆஸ்திரேலியாவில் கக்கடு தேசியப் பூங்காவிலும் இதே கதை. மாட்டு நோயை ஒழிக்க 1980-களில் அங்கே காட்டுவிலங்காகத் திரிந்த எருமைகளை அகற்றினார்கள். எருமை போனது பல வகையில் அந்தச் சதுப்புக்கு நல்லதுதான். ஆனால் நம் கண்மாயில் இருக்கிற இதே எருமைப்புல் அதற்குப் பிறகு அங்கே விரிந்து, காட்டு நெல் விளைந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. நம் பக்கமும் வீட்டுக்கு வீடு எருமை நின்ற காலம் போய்விட்டது. மேய்க்க ஆளில்லை, எல்லாரும் ஆலைக்குப் போகிறோம். புல் பெருகியதற்கு அதுவும் ஒரு காரணம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

மாடு வைத்திருக்கிறவள் இவற்றை மனதில் வை:

• தண்ணீருக்குள் இருக்கிற அடித்தண்டை அறுத்துப் போடாதே. ஈரல் தட்டைப்புழு இருப்பது அங்கேதான். நத்தையிலிருந்து வெளிவந்த புழு, தண்ணீர் மட்டத்தை ஒட்டிய புல்லில்தான் ஒட்டிக்கொள்ளும். தண்ணீருக்கு மேலே ஒரு சாண் விட்டு அறு. மீதியை வெயிலுக்கு விடு.

• அறுத்ததை அன்றைக்கே பச்சையாக வயிறு நிறையப் போடாதே, உப்புசம் கட்டும். வெயிலில் வாடவிட்டு, நறுக்கி, வைக்கோலோடு அல்லது சோளத்தட்டையோடு கலந்து போடு. பாதிக்கு மேல் இந்தப் புல் வேண்டாம்.

• சாக்கடை விழுகிற இடத்துப் புல்லும், யூரியா ஓடிவருகிற வாய்க்கால் புல்லும் கருகருவென்று செழித்திருக்கும். ஆசைப்படாதே. அதில் நைட்ரேட் ஏறியிருக்கும், மாட்டுக்கு மூச்சுத் திணறும். ஆலைக் கழிவு கொட்டின பள்ளத்துப் புல்லும் அப்படியே, தொடாதே.

• செம்மறி, வெள்ளாட்டைச் சேற்றுக்குள் மேயவிடாதே. குளம்பு புண்ணாகும், தட்டைப்புழு ஆட்டை மாட்டைவிடச் சீக்கிரம் சாய்க்கும். குடற்புழு மருந்துக்குக் கால்நடை மருந்தகத்தில் கேள்.

மீன்பாசி குத்தகைக்காரரிடம் புல்கெண்டைக் குஞ்சு விடச் சொல்லலாம். 1959-ல் இந்தியாவுக்கு வந்த மீன் அது, இளந்தளிரைத் தின்னும். முற்றின தண்டை அது தின்னாது. அறுத்த பிறகு வருகிற துளிரைக் குறைக்க உதவும், அவ்வளவுதான் எதிர்பார்.

இறங்குமுன் யாரிடம் கேட்கவேண்டும்?

ஊர்க் கண்மாய்தானே என்று நேரே இறங்கிவிடாதே. ஆயக்கட்டு நூறு ஏக்கருக்கு மேல் இருந்தால் அது நீர்வளத்துறையின் பொறுப்பு, அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்துக் கண்மாய். எது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டால் சொல்லிவிடுவார். மீன் குத்தகைக்காரருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடு, வலையை எடுத்துக்கொள்வார்.

மனு கொடுக்க நாள் தேடி அலையாதே. மார்ச் 22 தண்ணீர் தினக் கிராம சபை, மே 1 கிராம சபை இரண்டும் நம் வேலைக்காலத்துக்குச் சரியாக முன்னும் நடுவிலும் வருகின்றன. மார்ச் சபையில் மனு கொடுத்தால் சித்திரைக்குள் வேலைப் பட்டியலில் ஏற்ற நேரம் இருக்கும். மனுவில் "கண்மாயைத் தூர்வார வேண்டும்" என்று பொதுவாக எழுதாதே. கண்மாயின் பெயர், எந்த மடை, கலுங்கிலிருந்து எத்தனை அடி தூரம் புல் அடைத்திருக்கிறது, அகற்றும் புல்லைக் கரைக்கு வெளியே எந்த இடத்தில் காயவைக்க வேண்டும் என்று எழுது. மகளிர் குழுவில் பத்துப் பேர் கையெழுத்துப் போடுங்கள். தீர்மானத்தில் ஏறியதா என்று அங்கேயே வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு எழுந்து வா.

வேலைக்குப் போகும்போது

நீளக்கை சட்டை, கம்பூட்ஸ். புல்திட்டுக்குள் கட்டுவிரியனும் கண்ணாடிவிரியனும் படுத்திருக்கும், கம்பால் தட்டிவிட்டுக் கை வை. காலில் வெட்டுக்காயம் இருந்தால் அன்றைக்கு இறங்காதே. எலி மூத்திரம் கலந்த தண்ணீர் காயத்தில் பட்டால் எலிக்காய்ச்சல் வரும். வேலை முடிந்து சில நாளில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு ஆலைக்குப் போகாதே. ஆஸ்பத்திரிக்குப் போய், கண்மாயில் இறங்கினேன் என்று டாக்டரிடம் சொல்லு. தனியாக ஒருத்தியும் போகக் கூடாது.

வீட்டுக் கொல்லையிலும் வாய்க்கால் ஓரத்திலும்

சின்னத் திட்டென்றால் தரையோடு அறுத்துவிட்டு, கறுப்புத் தார்ப்பாயைப் போட்டு ஓரம் முழுக்க மண்ணால் மூடு. ஆறு வாரமாவது எடுக்காதே. நடுவில் "என்ன ஆச்சு" என்று தூக்கிப் பார்க்கிற பழக்கத்தை விடு. வெளிச்சம் இல்லாவிட்டால் இந்தப் புல் வாழாது. அதனால்தான் அடர்ந்த நிழல் விழுகிற கரையில் இது அதிகம் ஏறுவதில்லை. வரத்துக்கால் ஓரத்தில் புங்கை, வேம்பு, நீர்மருது வைக்க இடமிருந்தால் வை. கண்மாய்க் கரையின் உள்சரிவில் வெட்டிவேர் நடு, கரையையும் பிடிக்கும், புல்லுக்கும் இடம் விடாது. சுத்தம் பண்ணின இடத்தை வெறும் மண்ணாக விட்டால் முதல் மழையில் யார் வந்து உட்காருவார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொன்ன பிறகு சீமைக்கருவேலத்தை வெட்டினோமே, வேரை விட்டுவிட்டு மேலே மட்டும் வெட்டின இடமெல்லாம் இன்றைக்கு எப்படி நிற்கிறது என்று போய்ப் பார்.

கரம்பை அடிக்கிறவர்களுக்கு

கோடையில் தாசில்தாரிடம் அனுமதி வாங்கிக் கண்மாய்க் கரம்பையைக் காட்டுக்கு அடிப்பது நம் ஊர் வழக்கம், நல்ல வழக்கம். ஆனால் புல் இருந்த இடத்துக் கரம்பையோடு தண்டுத் துண்டும் சேர்ந்து உன் வயலுக்கு வந்துவிடும். கூடுமானால் கண்மாயின் வேறு பக்கத்தில் அள்ளச் சொல். அங்கேதான் கிடைக்கிறது என்றால், கொட்டின கரம்பையை உடனே உழாதே, பரப்பி ஒரு மாத வெயில் காட்டு. பச்சையாகத் தெரிகிற தண்டைப் பொறுக்கி எடுத்துவிடு. டிராக்டர் டிரெய்லரையும் ஜேசிபி வாளியையும் அடுத்த கண்மாய்க்குப் போகுமுன் கரைக்கு வெளியே நிறுத்தி, ஒட்டியிருக்கிற சேற்றையும் புல்லையும் தட்டிவிடச் சொல். டிரைவர் முணுமுணுப்பார். நின்று செய்யவைத்து அனுப்பு.

முதல் மழை பெய்து பத்து நாளில் மடை, கலுங்கு, வரத்துக்கால் மூன்றையும் ஒரு நடை பார். அப்போது வருகிற துளிர் விரல் நீளம்தான் இருக்கும், மண் இளகியிருக்கும், கையால் இழுத்தாலே வேரோடு வரும். சாக்கு ஒன்றைக் கையோடு எடுத்துக்கொண்டு போ. அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் இதே நடை வேண்டும். வீட்டில் யார் எந்த மடையைப் பார்ப்பது என்று இப்போதே பேசி முடிவு பண்ணிவிடு.